கையெழுத்தா, பின்பக்கமா? நெட்சுகேயும் ஜப்பானிய முகமூடிகளும்

மார்ச் 2 (வாசகர் கேள்வி)

அண்ணே, வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். வேலை விஷயமாகக் கியோத்தோ வந்தபோது, போன மாதம் 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தையில் ஒரு தந்த நெட்சுகே பார்த்தேன், கிமோனோ உடையில் இடுப்புக் கயிறு நழுவாமல் தடுக்கும் சின்னச் செதுக்குக் குமிழ். படுத்திருக்கும் எருது. அடியில் தோமோதாதா என்று கையெழுத்து. 28,000 யென் சொல்கிறார்கள். கையெழுத்து இருந்தால்தான் அசல், இல்லாததெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்தது என்று படித்திருக்கிறேன். கடைக்காரர் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். வாங்கலாமா?

மார்ச் 2, இரவு

வாங்க வேண்டாம் தம்பி. பொருளைப் பார்க்காமலே சொல்கிறேன், காரணம் இரண்டு.

முதல் காரணம் தந்தம். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்கவே கூடாது. ஜப்பானிலிருந்து நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கும், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். பழம்பொருள் என்று நிரூபிக்கும் காகிதம் இல்லாமல் சூட்கேஸில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

இரண்டாவது அந்தப் பெயர். தோமோதாதா 18ஆம் நூற்றாண்டுக் கியோத்தோ சிற்பி, படுத்த எருதுக்குப் பேர்போனவர். 1781இல் ஒசாகாவில் இனாபா ட்சூர்யூ வெளியிட்ட 'சோகென் கிஷோ' என்ற நூலில்தான் நெட்சுகே சிற்பிகளின் முதல் பட்டியல் வருகிறது, ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். அதிலேயே இவருடைய எருதுகளுக்குப் போலிகள் ஏராளம் என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கே அந்த நிலைமை என்றால் இன்றைக்குச் சந்தையில் விரித்த துணியின் மேல் 28,000 யெனுக்கு அவர் கிடைப்பாரா?

கையெழுத்தை மறந்துவிடுங்கள். பொருளைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படித் தேய்ந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 4

ஓட்டை என்றால் எந்த ஓட்டை என்று கேட்டிருந்தார். இன்னும் சிலருக்கும் அதே சந்தேகம் இருக்கலாம், அடியிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கிமோனோவில் பை கிடையாது. பணம், முத்திரை, மருந்து, புகையிலை எல்லாவற்றையும் சின்னப் பெட்டியிலோ பையிலோ போட்டு, கயிறு கட்டி, இடுப்பில் சுற்றும் ஒபி என்ற கச்சையின் அடியில் நுழைத்து மேலே எடுப்பார்கள். கயிறு நழுவாமல் மேல்முனையில் ஒரு குமிழ் தடுத்து நிற்கும். அதுதான் நெட்சுகே. கீழே தொங்குவது இன்ரோ என்ற அடுக்குப் பெட்டியாகவோ புகையிலைப் பையாகவோ இருக்கும். நடுவில் கயிற்றை இறுக்க ஒஜிமே என்ற ஒற்றை மணி. கயிறு நுழைகிற ஓட்டைகளுக்கு ஹிமோதோஷி என்று பெயர்.

பொதுவாக இரண்டு ஓட்டைகள். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் பெரியதற்குள் முடிச்சு ஒளிந்துகொள்ளும். நல்ல சிற்பி தனியாகத் துளை போடாமலே வேலையை முடித்துவிடுவார். குரங்கின் கைக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் சந்து, எருதின் மடித்த காலுக்குள் இருக்கும் இடைவெளி, அதிலேயே கயிறு போகும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கியோத்தோ ஷின்மொன்சென் தெருவில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். நான் எதைக் கையில் எடுத்தாலும் ஒரு நூலை நீட்டுவார். ஓட்டையில் நூலை விட்டுத் தொங்கவிட்டுப் பார். முகம் வெளியே பார்க்கிறதா, ஓட்டைப் பக்கம் உடம்போடு ஒட்டுகிறதா? உண்மையில் இடுப்பில் கட்டச் செய்த நெட்சுகே, தொங்கவிட்டதும் தானாகச் சரியான பக்கம் திரும்பி நிற்கும். மேசையில் வைக்கச் செய்த பொம்மையில் பின்னால் யாரோ துளை போட்டிருந்தால் அது தலைகீழாகவோ பக்கவாட்டிலோ சாயும். ஒகிமோனோ என்ற அலங்காரச் சிலைகளில் துளை போட்டு நெட்சுகே என்று விற்பது இங்கே சாதாரணம். துளையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே நிறம் புதிதாக இருந்தால் அதுதான் விஷயம்.

மார்ச் 5

தேய்மானம் பற்றி. இது முக்கியம், நிதானமாக எழுதுகிறேன்.

இடுப்பில் ஆடிக்கொண்டே இருந்த பொருள் எங்கே தேயும்? துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில். மூக்கு நுனி, முழங்கால், காது, எருதின் முதுகெலும்பு. அப்புறம் உடம்போடு உரசும் பின்பக்கம். கயிறு இழுத்துக்கொண்டே இருந்த ஓட்டையின் ஒரு விளிம்பு மட்டும் மழுங்கிப் பள்ளம் விழுந்திருக்கும், எதிர் விளிம்பு அப்படியே இருக்கும். பள்ளங்களில் உளி வேலை கூர்மையாகவே இருக்க வேண்டும்.

போலியில் இது தலைகீழ். எல்லா இடமும் ஒரே மாதிரி மழமழவென்று இருக்கும், பள்ளங்களில் மட்டும் பழுப்பு மை தேங்கி நிற்கும். பார்த்தவுடன் பழசு மாதிரி தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்த மை ஏதோ ஒரு நாள் மொத்தமாகத் துடைத்து விட்டது என்று புரியும். கையெழுத்தும் அப்படித்தான். சுற்றியுள்ள பரப்பு தேய்ந்திருக்கும்போது கையெழுத்து மட்டும் கத்தி வெட்டாக இருந்தால் அது பின்னால் வந்த கையெழுத்து.

பத்து விரல்களுக்கும் வேலை இருக்கிறது. நல்ல நெட்சுகேயை உள்ளங்கையில் மூடி உருட்டினால் எங்கும் குத்தாது. கிமோனோவின் பட்டைக் கிழிக்கக் கூடாது என்பதால் கால், வால், கொம்பு எல்லாவற்றையும் உடம்போடு சேர்த்து மடக்கியிருப்பார்கள். உயரம் மூன்று நான்கு செ.மீ.தான், ஆனால் அடிப்பாகம் வரை முழுதாகச் செதுக்கியிருக்கும். எலியாக இருந்தால் அடியில் நான்கு பாதமும் இருக்கும், சுருட்டிய வாலும் இருக்கும். யாரும் பார்க்காத பக்கத்தில் இவ்வளவு உழைப்பைப் போட்டவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

மார்ச் 9

கையெழுத்தை மற என்று எழுதியது பாதிதான். மீதிப் பாதி இவாமி.

ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் இவாமி என்ற பகுதி, இன்றைய ஷிமானே மாவட்டத்தின் ஒரு பாகம். அங்கே செய்யோதோ தோமிஹாரு (1733–1810) என்பவர் காட்டுப்பன்றியின் கோரைப்பல்லில் செதுக்கினார். அந்தப் பல்லின் வளைவை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் ஒரு சிலந்தி, ஒரு பூரான், ஒரு தவளை. பக்கத்திலேயே பொடிப் பொடியாக நீண்ட எழுத்து: எந்த நாடு, எந்த ஆற்றங்கரை, யார் செதுக்கியது என்று. அந்த எழுத்தே சிற்பத்தின் பாதி. அவருடைய மகள் புன்ஷோஜோவும் (1764–1838) சிற்பி, அப்பாவுக்குச் சளைக்காதவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் பெயரைப் போட்டுச் செதுக்கியிருக்கிறார் என்பதற்காகவே அவர் வேலை காட்சிக்கு வந்தால் நான் விடுமுறை போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

இந்த மாதிரி எழுத்தைப் போலியாகச் செய்வது பெரும் பாடு. அதனால் இவாமியைப் பொறுத்தவரை கையெழுத்து சாட்சி சொல்லும். கியோத்தோ எருதில் அடியில் இரண்டே எழுத்து, யார் வேண்டுமானாலும் கீறிவிடலாம்.

இவாமிக்காரர்கள் கையாண்ட உகிபோரி என்ற உத்தியையும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் எங்கே புள்ளி புடைக்க வேண்டுமோ அங்கே மழுங்கிய கருவியால் அழுத்தி முதலில் பள்ளமாக்குவார்கள். பிறகு சுற்றியுள்ள பரப்பை அந்தப் பள்ளத்தின் மட்டம் வரை சீவி எடுப்பார்கள். கடைசியில் தண்ணீர் காட்டினால் அழுத்தப்பட்ட நார் உப்பி எழும், புள்ளி புடைத்துக்கொள்ளும். தேரையின் முதுகுப் பருக்கள் இப்படித்தான் வரும். கத்தியால் சுற்றிச் செதுக்கிய பருவுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணாடியில் நன்றாகத் தெரியும், அதன் அடியில் வெட்டுக்கோடு இருக்காது.

மார்ச் 9, பின்னிரவு

தேரை என்றதும் இசே நினைவுக்கு வந்தது. இசே பகுதியில் மாசனாவோ என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அசமா மலையில் விளையும் ட்சுகே மரம், நம் ஊரில் பாக்ஸ்வுட் என்பார்களே அந்த வகை, மஞ்சளாக நெருக்கமான இழையோடு இருக்கும். அதில் தேரை, எலி, பாம்பு. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் கியோத்தோவிலும் ஒரு மாசனாவோ இருந்தார், அவர் வேறு, மிகப் பெரிய ஆள். விற்பவர் 'மாசனாவோ' என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடலாம்.

மார்ச் 22

நேற்று தோஜி சந்தைக்குப் போனேன். மாதாமாதம் 21ஆம் தேதி கோபோ தாய்ஷி என்ற பௌத்தத் துறவியின் நினைவு நாளில் கூடும் சந்தை அது. எருது அங்கேயே இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், எடுத்துக் காட்டினார், நூலும் விடச் சொன்னார்.

தந்தமே இல்லை. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலை பின்னியது போல ஒன்றையொன்று வெட்டும் வரிகள் தெரிய வேண்டும். இதில் ஒரே இடைவெளியில் நேர்வரிகள், அதுவும் எருதின் வயிற்றிலிருந்து முதுகு வரை வளைவைப் பொருட்படுத்தாமல் போகின்றன. அச்சில் வார்த்த பிசின். ஓட்டையின் உள்ளே அச்சுக் கோடு இருந்தது. கடைக்காரரும் ஒரு வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக வந்த பெட்டியில் இருந்தது என்றுதான் சொன்னார், தந்தம் என்று அவர் சொல்லவே இல்லையாம். தம்பி, மொழி புரியாமல் தலையாட்டியதில் வந்த குழப்பம் என்று நினைக்கிறேன்.

சூடு காட்டிய ஊசியால் குத்திப் பார்த்தால் பிசினா தந்தமா என்று தெரியும் என்று பலர் எழுதுகிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். அசலாக இருந்தால் அதில் நீங்கள் வைத்த கரும்புள்ளி அழியாது. கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும்.

மார்ச் 24

ஒரு பல் மருத்துவர் கேட்டிருக்கிறார், வேறு விலங்குகளின் பல் எப்படித் தெரியும் என்று. உங்களுக்குத்தான் எங்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் டாக்டர். வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் வெளியே வழவழப்பான படலம், நடுவில் பாகு கலங்கியது போன்ற திட்டுத்திட்டான பகுதி. நீர்யானைப் பல்லில் மெல்லிய வளையங்கள் நெருக்கமாக வரும். மான்கொம்பின் நடுவில் பஞ்சு போன்ற துளைகள். எலும்பில் கரும்புள்ளிகளும் சின்னக் கீற்றுகளும். டோக்கியோவின் அசாகுசாவைச் சேர்ந்த கொகுசாய் போன்ற சிற்பிகள் மான்கொம்பின் அந்தப் பஞ்சுத் துளைகளையே சிற்பத்தின் பகுதியாக்கினார்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: தந்தம் கூடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் இந்தியத் தந்த வணிகத்தை நிறுத்தினார்கள், 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்தார்கள். மான்கொம்பும் சுங்கத்தில் கேள்வியைக் கிளப்பலாம். மரமும், லாக்கர் என்ற மரப்பால் பூச்சு வேலையும்தான் நிம்மதி. மரத்தில் தந்தத்துக்குக் குறைவான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சேர்ப்பது மரம் மட்டும்தான். தந்த நெட்சுகேயை அருங்காட்சியகத்தில் பார்க்கிறேன், ரசிக்கிறேன். வாங்க மனம் வரவில்லை, சட்டம் அனுமதித்தாலும் வராது.

ஏப்ரல் 13

முகமூடி பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். சரி.

முதலில் முகமூடி நெட்சுகே. நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் முகமூடியை நாலு செ.மீ. அளவில் செதுக்கியது. பின்னால் குறுக்கே ஒரு சின்னக் கட்டை, அதில் கயிறு. நோ முகமூடி செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட தெமே குடும்பத்தார் சிலர் இதையும் செய்தார்கள். 'தெமே உமான்' என்ற பெயரோடு 'வானத்தின் கீழ் முதல்வன்' என்ற பட்டத்தையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். பெரிய முகமூடிக்காரர்களுக்கு ஆட்சியாளர்கள் கொடுத்த பட்டம் அது. இந்தப் பெயரும் பட்டமும் போட்ட போலிகளும் நிறைய. மறுபடியும் சொல்கிறேன், பின்பக்கம். முகமூடி நெட்சுகேயின் பின்பக்கத்தைக் குடைந்திருக்க வேண்டும், கண்ணும் நாசியும் பின்னால் வரை வந்திருக்க வேண்டும். முன்னால் கோபமும் பின்னால் தட்டைப் பலகையும் இருந்தால் அது பொத்தான்.

பெரிய முகமூடிக்கு வருகிறேன். நோ முகமூடி ஹினோகி மரத்தில் செதுக்குவது. மேலே சிப்பி ஓடுகளை அரைத்த வெள்ளைப் பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பல பூச்சு. அதன்மேல் நிறம். ஆவி, அசுரன் முகங்களுக்குக் கண்ணில் பொன்னிறம். பெண் முகமூடியின் கருவிழித் துளை சதுரம், அதுவும் கடுகளவு. நடிகருக்கு மேடை கிட்டத்தட்டத் தெரியாது. மேடை மூலையில் நிற்கும் தூணை வைத்துத்தான் திசை பார்ப்பார். முகமூடி முகத்தைவிடச் சின்னது, நடிகரின் தாடை வெளியே தெரியும். அதைக் குறையாக யாரும் நினைப்பதில்லை.

கொஓமோதே என்ற இளம்பெண் முகத்தைக் கையில் பிடித்து மெல்ல மேலே நிமிர்த்துங்கள், சிரிக்கும். மெல்லக் கீழே சாயுங்கள், அழும். உதட்டு மூலையும் இமையின் வெட்டும் வெளிச்சத்தை வாங்கும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம். கடையில் சுவரில் மாட்டியிருப்பதை அப்படியே பார்த்து வாங்காதீர்கள், இறக்கித் தரச் சொல்லி சாய்த்துப் பாருங்கள். சிரிப்பும் அழுகையும் மாறவில்லை என்றால் அது சுவருக்குச் செய்தது.

ஏப்ரல் 14

பின்பக்கம்! நேற்று அதை எழுதாமலே தூங்கிவிட்டேன்.

மேடையில் அணிந்த முகமூடியின் உள்பக்கம் வியர்வையில் கறுத்திருக்கும், நெற்றியிலும் கன்னத்திலும் அதிகமாக. நெற்றியில் சின்னத் திண்டு ஒட்டி எடுத்த தடம் இருக்கலாம், கோணத்தைச் சரிசெய்ய நடிகர் வைத்துக்கொள்வது. காதுப் பக்கத் துளைகளைக் கயிறு அரித்திருக்கும். சில வீட்டார் உள்ளே லாக்கர் பூசுவார்கள், சிலர் உளித்தடத்தை அப்படியே விடுவார்கள். அந்த உளித்தடத்தின் ஓட்டமே குடும்ப அடையாளம். சிலர் சூட்டுக்கோல் முத்திரையும் வைப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நோ உலகில் பழைய மூல முகமூடியைப் பார்த்து நகலெடுப்பதுதான் மரபு. நகலெடுப்பவர் மூலத்தின் கீறல், பெயர்ந்த வர்ணம் எல்லாவற்றையும் சேர்த்தே நகலெடுப்பார். அதனால் முகத்தில் தெரியும் காயத்தைக் கொண்டு வயதைச் சொல்லவே முடியாது. ஏமாற்றச் செய்ததல்ல அது, குருவின் முகத்தை மரியாதையோடு வாங்கிக்கொள்வது. வயது பின்னால்தான் இருக்கும்.

ஜூன் 18

மழைக்காலம் தொடங்கிவிட்டது, லாக்கர் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

ஜப்பானிய லாக்கரான உருஷி ஒரு மரத்தின் பால். நம் ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது, அது வேறு. உருஷி காயும் விதம் விசித்திரமானது: வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். பாலில் இருக்கும் ஒரு நொதி ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால்தான் வேலை செய்யும். அதனால் ஈரப்பதம் வைத்த அலமாரிக்குள் வைத்துக் காயவைப்பார்கள். மெல்லிய பூச்சு, இறுகல், தேய்ப்பு, மறுபடி பூச்சு. ட்சுயிஷு என்ற செதுக்கு லாக்கரில் இப்படி எத்தனையோ அடுக்கு ஏற்றிக் கெட்டியான பிறகுதான் கத்தியே வைப்பார்கள். சிவப்பு லாக்கர் நெட்சுகேயை உருப்பெருக்கியில் பாருங்கள், வெட்டின் பக்கச் சுவரில் அடுக்குகளின் கோடு தெரியும். அச்சில் வார்த்ததில் தெரியாது. இவ்வளவுதான் சோதனை.

இந்தப் பால் பட்டால் தோல் தடித்துக் கொப்பளிக்கும். நம் சேங்கொட்டையும் முந்திரியும் மாவும் இந்த மரமும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்த பிள்ளைகள் இருந்தால், உருஷிப் பட்டறைக்குப் போகும்போது எதையும் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். நன்கு இறுகிவிட்ட பொருளால் பொதுவாகத் தொல்லை இல்லை.

இந்த ஈரக்காற்று லாக்கருக்குத் தாய்வீடு. சென்னை வீட்டில் ஏசி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால்தான் ஆபத்து, உள்ளே மரம் சுருங்கி விரிந்து லாக்கர் வெடிக்கும். அதைவிடப் பெரிய எதிரி வெயில். சன்னல் பக்கம் வைத்த கறுப்பு லாக்கர் பளபளப்பு போய் சாம்பலாகும், பிறகு எதைப் பூசினாலும் திரும்பாது. பவுலோனியா மரப்பெட்டியில், துணி சுற்றி வையுங்கள்.

ஜூன் 19

பராமரிப்புக்கு ஒரு கொசுறு. என் கூடத்தில் ஒரு புதிய கொஓமோதே, உயிரோடிருக்கும் சிற்பி செய்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தூசியாக இருக்கிறதே என்று அன்போடு ஈரத்துணியால் துடைத்தார். கன்னத்தில் வெள்ளை கரைந்து கையோடு வந்துவிட்டது. வஜ்ஜிரப் பசை தண்ணீரில் கரையும், சிப்பிப்பொடி அதோடு போகும். அவர் மனம் நொந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிற்பியிடம் கொண்டுபோனோம், அவர் மாமியாரை உட்காரவைத்து, பசை காய்ச்சுவதிலிருந்து பூசுவது வரை காட்டி, அவர் கண்முன்னே சரிசெய்து கொடுத்தார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அதை விளக்குவது மாமியார்தான். நோ முகமூடிக்கு உலர்ந்த மென்மையான தூரிகை மட்டும். விரல்கூடக் கன்னத்தில் படக் கூடாது, காதோரம் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

போர்வீரர் முகக்கவசம் பற்றி ஒருவர் படம் அனுப்பினார். அது மென்போ, மூக்கு முதல் தாடை வரை மூடுவது. இரும்பு, மேலே துருநிற லாக்கர். உள்பக்கம் சிவப்பு லாக்கர். தாடையின் கீழ் வியர்வை வடியச் சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள், தாடையில் கயிறு கட்ட முளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அலங்காரப் பொருள். படத்தில் அந்தத் துளை தெரியவில்லை, அடிப்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

ஆகஸ்ட் 20

கொஞ்சம் திசை மாறுகிறேன்.

நோவுக்கும் முந்தியது கிகாகு என்ற ஊர்வல நாடகம். 612இல் கொரிய நாடான பெக்சேயிலிருந்து மிமாஜி என்பவர் கொண்டுவந்ததாக நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அதன் முகமூடிகள் தலையையே மூடும் அளவு பெரியவை. கற்பூர மரத்தில் செதுக்கியவையும் உண்டு, மண் கருவின் மேல் சணல் துணியும் லாக்கரும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவையும் உண்டு. நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஹோர்யூஜி கோயிலின் முகமூடிகளை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் தனிக் கட்டடத்தில் பார்க்கலாம்.

அந்த வரிசையில் கருரா என்று ஒரு முகம் வரும், பறவை மூக்கோடு. நம் கருடன்தான். பராமோன் என்று ஒரு முகம், பிராமணர். 752இல் நாராவின் தோதாய்ஜி கோயிலில் மகா புத்தருக்குக் கண் திறந்த விழாவில் இந்த ஆட்டமெல்லாம் நடந்தது. அன்று தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற பிக்கு. அவருடைய ஊர் தென்னிந்தியா என்பதே மரபு. அந்தக் கருடனின் முன்னால் கண்ணாடிக்கு இப்புறம் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வைணவத் தலங்களில் கருட சேவை பார்த்து வளர்ந்தவன் நான்.

ஆகஸ்ட் 21

இதே வழியில் இன்னொன்று. ஆக்டோபஸும் குரங்கும் மல்லுக்கட்டும் நெட்சுகே அடிக்கடி வரும். கதை இது: கடலரசன் மகளுக்கு நோய், குரங்கின் ஈரல்தான் மருந்து. ஆக்டோபஸ் வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டு என்று சில வடிவங்களில் வரும். ஆளனுப்பிக் குரங்கை அழைத்து வருகிறார்கள். பாதி வழியில் விஷயம் தெரிந்த குரங்கு, ஈரலை மரத்திலேயே காயப்போட்டுவிட்டு வந்தேனே என்கிறது. சின்ன வயதில் பாட்டி சொன்ன குரங்கும் முதலையும் இது இல்லாமல் வேறென்ன? பஞ்சதந்திரத்திலும் ஜாதகக் கதையிலும் இருப்பது பௌத்தத்தோடு கிழக்கே போய், கடைசியில் ஒசாகா வணிகரின் இடுப்பில் தொங்கியிருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நெட்சுகே காட்ட வேண்டும் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள்.

நவம்பர் 3

மார்ச் மாதம் இவாமி பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். போன வாரம் அங்கே போயிருந்தேன். கோரைப்பல் செதுக்கிய அதே மண்ணில் இன்றும் ககுரா என்ற தெய்வ ஆட்டம் ராத்திரி முழுக்க நடக்கிறது. அதன் முகமூடிகள் காகிதம். களிமண் அச்சின் மேல் உள்ளூர்க் கைக்காகிதத்தைப் பசை போட்டு அடுக்கி, காய்ந்ததும் உள்ளே இருக்கும் மண்ணை உடைத்து வெளியே எடுப்பார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மண் கரு போயே போகும். அதன்மேல் சிப்பி வெள்ளை, நிறம், பளபளப்பு. மரமாக இருந்தால் எட்டுத்தலைப் பாம்போடு சண்டை போடும் ஆட்டக்காரரின் கழுத்து தாங்காது. அந்தக் காகிதத்தைச் செய்யும் செகிஷு கைத்தொழிலை யுனெஸ்கோ 2009இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு பட்டறையில் இவற்றைச் செய்து விற்கிறார்கள், ஆட்டக்காரர்களுக்கும், நம்மைப் போன்றவர்களுக்கும். நோ முகமூடியின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. எடை இல்லை, சட்டச் சிக்கல் இல்லை. முகமூடி சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 5

சிங்கப்பூர்த் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். எருது கைவிட்டுப் போனதில் வருத்தமாம், வேறு எதை வாங்குவது என்கிறார்.

தம்பி, பழசுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். 1868க்குப் பிறகு மேல்நாட்டு உடையும் பையும் சிகரெட்டும் வந்து நெட்சுகேவுக்கு வேலை இல்லாமல் போனது. சிற்பிகள் வெளிநாட்டு வாங்குபவர்களுக்காகச் செதுக்கினார்கள், அதில் அருமையும் உண்டு, ஏனோதானோ வேலையும் உண்டு. ஆனால் கலை அறுந்துவிடவில்லை. இன்றும் ட்சுகே மரத்தில், மான்கொம்பில், லாக்கரில் செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். தகமாதோ இளவரசரும் அவர் மனைவியும் இப்போதைய சிற்பிகளின் நெட்சுகேகளையே தேடித் தேடிச் சேர்த்தார்கள், அந்தச் சேகரிப்பை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். கியோத்தோ மிபுவில் ஒரு பழைய சாமுராய் வீட்டில் 2007இல் திறந்த செய்ஷு நெட்சுகே அருங்காட்சியகத்திலும் இன்றைய சிற்பிகளின் வேலைதான் அதிகம். அடுத்த முறை வரும்போது சந்தைக்கு முன் அங்கே போங்கள். அரை நாள் நின்று பார்த்துவிட்டு வந்தால் பிசின் எருது தானாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உயிரோடிருக்கும் சிற்பியிடம் வாங்கினால் மரம் எது என்று அவரே எழுதித் தருவார், பெட்டியிலும் தன் கையால் பெயர் போட்டுத் தருவார். அந்தக் கையெழுத்தை மட்டும் தாராளமாக நம்பலாம்.

டிசம்பர் 2

இந்த மாதம் 21ஆம் தேதி தோஜியில் வருடத்தின் கடைசிச் சந்தை, கூட்டம் அலைமோதும். விடிகாலையிலேயே வந்துவிடுங்கள், வெளிச்சம் வரும்வரை எதையும் வாங்காதீர்கள். உருப்பெருக்கி, ஒரு சாண் கறுப்பு நூல், சில்லறை நோட்டுகள். கையில் எடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், பொருளைத் துணியின் மேல் தாழ்வாகவே பிடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு நகரலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். வருபவர்கள் தெற்கு வாசல் பக்கம் நில்லுங்கள், சேர்ந்து சுற்றலாம்.